கொங்குநாட்டு இல்லங்களிற் பழைய சுழல் துப்பாக்கிகள்

திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தைப் பாடஞ்சொல்லும் பொழுதெல்லாம் மாணவருள் ஒருவன் எழுந்து, "ஐயா, வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்ததா?" என்று வினவுவது வழக்கம். வகுப்பு முழுதும் நகைக்கும். ஆண்டு வருஞ்சொல் உணவை ஆக்குதல் என்னும் பொருளது. இன்று நாம் வழங்கும் துப்பாக்கி என்னும் பெயரோ துருக்கிய மொழியிலிருந்து போந்த திசைச்சொல். ஒலி ஒன்றாயினும் பிறப்பு வேறு. சிறுவன் இப்பிழை செய்தால் நகைக்கின்றோம். அதே பிழையைப் பெரியோர் தம் இல்லத்துப் பழம்பொருளைப்பற்றிச் செய்யுங்கால் நகைப்பதில்லை. கைகூப்பி வணங்கி, அதனை வரலாறு என்றே ஏட்டில் ஏற்றிவிடுகின்றோம். இக்கட்டுரை அவ்வழக்கத்தைப்பற்றியது.

சென்ற ஆடித் திங்களில் காங்கயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நம் சங்கத்து உறுப்பினராகிய பெரியவர் ஒருவர் எம்மை அழைத்திருந்தார். அவர் இல்லத்தில் வழிவழியாகக் காக்கப்பெறும் கைத்துப்பாக்கி ஒன்று தீரன் சின்னமலை ஏந்தியது என்றும், அதன் வரலாற்றை இவ்விதழில் யாம் எழுதவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பட்டுத்துணியிற் பொதிந்து, தேக்குப் பெட்டியில் வைத்து, ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் சாத்தி வணங்கிவந்த பொருள் அது. பெரியவர் அதனை எம் முன் வைத்த விதத்திலேயே அக்குடும்பம் அதன்மேல் வைத்திருந்த அன்பு விளங்கிற்று. வைத்தபின், "எங்க அப்பாரு பொய் பேசறவரு இல்லீங்க, வாத்தியாரய்யா" என்றும் ஒரு சொற் சொன்னார்.

யாம் அதனைக் கண்டவுடன் வாய்திறக்க இயலாது சிறிதுபோது இருந்தோம். ஏனெனில் அஃது ஆறு அறைகள் கொண்ட உருளையுடைய சுழல் துப்பாக்கி.

சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பெற்றது 1805-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் நாள். அவர் காலத்துப் போர்க்களங்களில் இருந்தவை இரண்டு வகைத் துப்பாக்கிகளே. ஒன்று, எரியுந் திரியை மருந்திற் பொருத்திச் சுடும் திரித்துப்பாக்கி. மற்றொன்று, சக்கிமுக்கிக் கல் எஃகில் உரைசித் தெறிக்கும் பொறியால் வெடிக்கும் கல் துப்பாக்கி. இரண்டும் ஒருமுறை சுட்டால் மீண்டும் மருந்திட்டுக் குண்டிட்டுக் கெட்டிக்கவேண்டியவை. உருளை சுழன்று அறை மாறும் கருவியை அதற்கு முன்னரே சிற்சில கம்மியர் அருமையாகச் செய்துபார்த்ததுண்டு. எனினும், எலிஷா காலியர் என்பார் கல்லால் வெடிக்கும் சுழல் துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றது 1818-இல். அமெரிக்கராகிய சாமுவேல் கோல்ட் தம் நாட்டில் உரிமை பெற்றது 1836 பிப்ரவரி 25-இல். உலகெங்கும் சுழல் துப்பாக்கி பரவியது கோல்ட்டுக்குப் பின்னரே. சின்னமலை மறைந்து 31 ஆண்டுகள் கழிந்தபின் தோன்றிய கருவியை அவர் கையிற் கொடுத்தல், வள்ளுவர் வாயில் துப்பாக்கியை வைத்தலோடு ஒக்கும்.

ஆயின் அது யாருடையது? எக்காலத்தது? எவ்விலை பெறும்? இவற்றைப் பொருளே சொல்லும். அதனைப் படிக்கும் முறையை அறிதல் வேண்டும். இவ்வொரு வீட்டிலன்றி நம்மவர் இல்லங்கள் வேறு பலவற்றிலும் இத்தகைய பெட்டிகள் இருத்தல் கூடுமாதலின் அம்முறையைச் சிறிது விரித்துரைப்போம்.

முதற்கண் ஒரு விதி. பழைய துப்பாக்கி எதுவாயினும் உள்ளே தோட்டா உண்டென்றே கொள்க. குழல்வாயைப் பிறர்மேலேனும் தம்மேலேனும் திருப்பற்க. குதிரையை இழுத்துப் பார்க்கற்க. உருளைக்குள் நூறாண்டாகக் கிடந்த தோட்டாவும் வெடிக்கும். அறிந்தவர் ஒருவரைக் கொண்டு வெறுமையாக்கிய பின்னரே ஆராய்ச்சி தொடங்கல் வேண்டும்.

அடுத்து நோக்கவேண்டுவது மருந்து பற்றும் முறை. இதனாற் காலத்தின் மேலெல்லை தெரியும். உருளையின் பின்புறத்தில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு முலைபோன்ற குமிழ் இருந்தால் அது செப்புத் தொப்பி வைத்து வெடிப்பது. கோல்ட்டின் முதற் படைப்புக்கள் இவ்வகையின. உருளையின் விளிம்பில் சிறு வெட்டுக்கள் இருந்து, தோட்டாவினின்று ஓர் ஊசி பக்கவாட்டில் நீண்டு அவ்வெட்டின்வழி வெளியே தோன்றினால் அஃது ஊசித் தோட்டா வகை. பிரெஞ்சுக்காரராகிய லெஃபோஷோ என்பாரின் மைந்தர் இவ்வகைச் சுழல் துப்பாக்கியை 1854-இல் வெளியிட்டார். 1858-இல் பிரெஞ்சுக் கடற்படை அதனை ஏற்றது. தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும் வகையை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் 1857-இல் விற்கத் தொடங்கினர். அடியின் நடுவில் அடித்து வெடிக்கும் வகை 1860-களில் எழுந்து, இன்றளவும் நிலைபெற்றது.

மூன்றாவது, திறக்கும் முறை. வலப்பக்கத்துச் சிறு கதவின்வழி ஒவ்வொன்றாகத் தோட்டா நுழைப்பது பழைய முறை. குழல் முன்புறம் மடங்கித் திறப்பது அடுத்த முறை. ஆங்கிலப் படையினர் 1887-இல் ஏற்ற வெப்ளி துப்பாக்கி இத்தகையது. உருளை பக்கவாட்டில் வெளியே சாய்வது பிந்திய முறை. கோல்ட் நிறுவனத்தார் 1889-இலும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் 1896-இலும் இதனைக் கைக்கொண்டனர்.

நான்காவது, முத்திரை. இதுவே பொருளின் பிறப்புச் சான்று. ஐரோப்பாவிற் பல நாடுகளில் துப்பாக்கியை விற்குமுன் மிகுந்த மருந்திட்டுச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்துவது சட்டம். இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம் ஆகிய இரு நகரங்களில் சோதனைச் சாலைகள் உண்டு. பர்மிங்காம் சாலை 1813-இல் அமைந்தது. அவற்றின் முத்திரைகளில் முடியுருவம் தோன்றும். புகையில்லா மருந்துக்குச் சோதித்தமையைக் குறிக்கும் என், பி என்னும் எழுத்துக்கள் 1904-க்குப் பின்னர் வந்தவை. அவ்வெழுத்தில்லாத பழைய துப்பாக்கி கரிமருந்துக்கே உரியது. அதில் இக்காலத் தோட்டாவை இட்டால் உருளை பிளந்து சுடுபவன் கையையே கொள்ளும். பெல்ஜியத்து லியேஜ் நகரத்துச் சோதனைச் சாலை 1672-ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. அதன் முத்திரை ஒரு முட்டை வடிவ வளையம். உள்ளே இ, எல், ஜி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களும் ஒரு விண்மீனும் இருக்கும். இவ்வடிவம் 1810-இல் எழுந்தது. 1893-இல் வளையத்தின்மேல் ஒரு முடி சேர்க்கப்பெற்றது. ஆகவே முடியில்லா வளையம் 1893-க்கு முற்பட்டது, முடியுள்ளது பிற்பட்டது என்று எளிதில் துணியலாம். அமெரிக்க நாட்டில் அரசுச் சோதனைச் சாலை இல்லை. ஆங்குக் குழலின்மேல் நிறுவனப் பெயரும் உரிமை பெற்ற நாளும் இருக்கும். அந்நாள் புனைவுக்கு உரிமை பெற்ற நாளேயன்றித் துப்பாக்கி செய்த நாளன்று. இதனைப் பிறழவுணர்ந்து தம் பொருளுக்குப் பத்திருபது ஆண்டு மூப்புக் கற்பிப்பவர் பலர்.

பெயரைக் கண்டும் மயங்கலாகாது. வெப்ளி நிறுவனத்தார் 1872-இல் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்னும் குட்டைக்குழல் துப்பாக்கியை வெளியிட்டனர். அது விலை மலிவும் உறுதியும் உடையதாய்ப் பெரும் பெயர் பெறவே, பெல்ஜியத்தார் அவ்வுருவையும் பெயரையும் எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கிற் செய்து விற்றனர். ஆங்கிலப் பெயர் மேலிருக்க, உருளையிலோ லியேஜ் வளையம் இருக்கும். ஸ்பெயின் நாட்டு எய்பார் நகரத்தார் இன்னும் ஒருபடி மேற்சென்று, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்னும் பெயரைப் பெரிய எழுத்திலும், 'தோட்டாக்களுக்கு உரியது' என்னும் பொருள்படும் சொற்களைச் சிறிய எழுத்திலும் பொறித்தனர். பெரிய எழுத்தை மட்டும் படித்தவர் ஏமாந்தனர்.

இவ்வாறு பெயரில்லாத மலிவுத் துப்பாக்கிகள் பெருகியதற்குக் காரணம் உண்டு. லியேஜ் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒரு வீட்டார் குழல் கடைவர். மற்றொரு வீட்டார் உருளை செய்வர். பிறிதொருவர் பிடி செதுக்குவர். வணிகர் அவற்றைத் திரட்டிப் பொருத்துவிப்பர். நம் நாட்டில் நூல் நூற்பவரும் பாவு ஓட்டுபவரும் சாயம் தோய்ப்பவரும் நெய்பவரும் வெவ்வேறு வீட்டினராய் இருந்து ஒரு சீலை முடிவதுபோல என்க. சீலையில் நெய்தவன் பெயர் இல்லாதவாறே அத்துப்பாக்கியிலும் பெயர் இல்லை. வளையம் ஒன்றே உண்டு. மலிவு எவ்வளவு எனின், அமெரிக்கத் தலைவர் மக்கின்லியை 1901 செப்டம்பரில் கொலைஞன் சுட்ட ஐவர் ஜான்சன் சுழல் துப்பாக்கியின் விலை நாலரை டாலர். அக்காலத்துப் பவுனொன்றுக்குப் பதினைந்து ரூபாய் என்னும் கணக்கின்படி அது நம் நாணயத்தில் ஏறக்குறையப் பதினான்கு ரூபாய். அவருக்கு முன்னர் 1881-இல் தலைவர் கார்ஃபீல்டு வீழ்ந்ததும் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்னும் மலிவுத் துப்பாக்கியாலேயே. பொருள் மலிவாயினும் அது கொண்ட உயிரின் விலை மலிவன்று.

இவ்விடத்து ஒன்று கூறுதல் தகும். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதும் பெல்ஜியத்திற் செய்த துப்பாக்கியாலேயே. ஆனால் அது பிரௌனிங் என்னும் தானியங்கிப் பிஸ்டல்; உருளை சுழல்வதன்று. கதை சொல்வோர் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். எண்ணும் முத்திரையும் வரலாற்றுக்கு எவ்வளவு துணையாகும் என்பதற்குக் கல்கத்தா ரோடா கம்பெனியில் நிகழ்ந்ததே சான்று. 1914 ஆகஸ்டு 26-இல் புரட்சியாளர் அக்கம்பெனிச் சரக்கிலிருந்து 50 மௌசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் கவர்ந்தனர். ஒவ்வொன்றின் எண்ணும் கம்பெனிக் கணக்கில் இருந்தமையால், பின்னர் எவ்வூரில் அகப்பட்டதும் இன்னதென்று அறியப்பட்டது. எண்ணும் ஏடும் சேர்ந்தபொழுதே பொருள் பேசும்.

இனி இவை கொங்குநாட்டுக்கு வந்தவாறு. நீலகிரியிலும் ஆனைமலையிலும் தோட்டம் வைத்த வெள்ளையர் துப்பாக்கிகளுடன் வந்தனர், சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் முதலிய கடைகள் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்றன. லிட்டன் பிரபு ஆட்சியில் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தபின் இந்தியர் உரிமச் சீட்டின்றித் துப்பாக்கி வைத்தல் குற்றமாயிற்று. வெள்ளையருக்கு அத்தடை இல்லை. ஆதலின் நம்மவர் கைக்கு நேர்வழியில் வந்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருந்திருத்தல் வேண்டும். அக்காகிதமே துப்பாக்கியினும் அரியது.

இம்முறையால் பெரியவர் வீட்டுப் பொருளை ஆராய்ந்தோம். சந்தனமும் எண்ணெயும் பல்லாண்டு படிந்து முத்திரையை மூடியிருந்தன. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தபின் உருளையின் பின்முகத்தில் முட்டை வடிவ வளையம் தோன்றிற்று, மேலே முடியில்லை. உருளை விளிம்பில் ஊசிக்குரிய ஆறு வெட்டுக்கள் இருந்தன. விசை மடங்குவது. எனவே 1854-க்குப் பின், 1893-க்கு முன், லியேஜ் நகரில் முடிந்தது. யானைத்தந்தம் என்று சொல்லப்பெற்ற பிடியில் தந்தத்துக்குரிய குறுக்குமறுக்கான வலைக்கோடுகள் இல்லை; கருநிறச் சிறு புள்ளிகளே இருந்தன; அஃது எலும்பு. குழலின் ஒருபுறம் வெள்ளி நிறப் பூச்சு முற்றும் போயிருந்தது. வீட்டுப் பெண்டிர் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல ஆண்டுதோறும் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் துலக்கியதன் பயன் அது. இத்தகைய பொருளைத் துலக்குதல் அதன் முகத்தை அழித்தலாகும் என்பதை நம் இல்லத்தரசியர் அறிதல் நன்று.

பின்னர் அத்தேக்குப் பெட்டியின் அடியிலிருந்த காகிதக் கட்டைப் பார்க்க வேண்டினோம். பெரியவர் அதனை ஒருபொழுதும் அவிழ்த்ததில்லை. அதனுள் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பாட்டனாரின் தந்தையார் பெயரில் அளிக்கப்பெற்ற உரிமச் சீட்டுக்கள் சில இருந்தன. அவரே எழுதிய ஒரு கணக்கேடும் இருந்தது. பருத்தி விற்ற பணத்தைத் திருப்பூரிலிருந்து மாட்டு வண்டியில் இரவிற் கொணருங்கால் ஒருமுறை வழிப்பறி நேர்ந்தது என்பதும், அதன்பின் கைத்துப்பாக்கி பழையது ஒன்று பதினொரு ரூபாய்க்கு வாங்கினார் என்பதும் அதில் கண்டன. அவ்வண்டியில் உடன்சென்ற ஆட்கள் இருவர் பெயரும், அடிபட்ட ஒருவனுக்கு வைத்தியச் செலவு கொடுத்த தொகையும் அடுத்த வரியில் இருந்தன. சுட்டதாக ஓரிடத்தும் குறிப்பில்லை.

யாம் இதனைப் படித்துச் சொன்னபொழுது பெரியவர் முகம் வாடிற்று. உண்மை உரைத்தல் ஆசிரியன் கடமையாயினும், எண்பது வயதில் ஒருவர் நம்பிக்கையை அவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே கலைத்தல் எமக்கும் எளிதாக இல்லை. சிறிது நேரம் கழித்து அவர் கேட்டது விலை. "இதுக்கு என்ன பொறுமுங்க?" என்றார்.

விலை என்பது ஐந்தைப் பொறுத்தது: செய்தவர் பெயர், உறுப்புக் குறையாமை, முதற்பூச்சு, உடன்வந்த காகிதம், சட்டம். மேல்நாட்டுச் சந்தையில் பெயரில்லாத பெல்ஜிய ஊசித் தோட்டாத் துப்பாக்கி பழைய சுழல் துப்பாக்கிகளுள் மிக மலிந்தவற்றுள் ஒன்று. கோல்ட், வெப்ளி முதலியோர் பெயரும் முத்திரையும் பொருந்தியவை அதனினும் பன்மடங்கு பெறும். நம் நாட்டிலோ கணக்கு வேறு. 1980-களிலிருந்து தனியார்க்குத் துப்பாக்கி இறக்குமதி அடைபட்டதனால், இன்றும் தோட்டா கிடைக்கும் .32 அளவுள்ள பழைய அயல்நாட்டுச் சுழல் துப்பாக்கிகளுக்கு உரிமம் பெற்றோரிடையே பெருவிலை உண்டு. கான்பூர்த் தொழிற்சாலையில் 2014-இல் வெளிவந்த 'நிர்பீக்' என்னும் சிறு சுழல் துப்பாக்கிக்கே ஏறக்குறைய 1,22,000 ரூபாய் விலை வைத்தனர் எனின் அப்பெருவிலையின் காரணம் விளங்கும். ஆயின் .455 முதலிய படைத்துறை அளவுகள் தடைசெய்யப்பட்டவை. மேல்நாட்டில் மதிப்புடைய பெரிய வெப்ளி இங்கு விற்பனைக்கு எளிதில் ஆகாது. தோட்டாவே கிடையாத ஊசி வகையோ சுடுவார்க்கும் பயனில்லை. நூறாண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்துள் அடங்குமாதலின், அதனைக் கடல்கடத்தி விற்றலும் குற்றம். ஆகவே அப்பெட்டியிலிருந்த இரும்புக்குச் சந்தை விலை இல்லை என்றே பெரியவருக்குக் கூறினோம்.

அதனினும் கடினமான மற்றொன்றையும் கூறவேண்டியதாயிற்று. உரிமம் ஆளுக்கு உரியது. ஆள் மறைந்தால் உரிமம் மறையும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இழந்த துப்பாக்கியைக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடத்தோ ஒப்புவித்தல் வேண்டும். வாரிசாயினார் தம் பெயரில் உரிமம் கோரலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்தலாகாது. உரிமமின்றி வைத்திருப்பார்க்கு இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வழக்கொழிந்த, தொன்மை மதிப்புடைய, அல்லது பழுதுற்ற படைக்கலம், செப்பனிட்டும் செப்பனிடாதும் சுடவியலாததாயின், அச்சட்டத்திற்கு விலக்கு. ஆனால் இஃது அத்தகையதா என்பதைத் துணிவது வீட்டார் வாக்கன்று. வல்லுநரும் அதிகாரிகளும் ஆராய்ந்து துணிவது. பேரன் பேத்தியர் கைபடும் பரணில் இதனை வைத்துவிட்டுப் பெரியவர் கண்மூடின், அவர் விட்டுச்செல்வது குலச்சொத்தாகாது, வழக்காகும்.

அன்று அவர் விடையொன்றும் கூறவில்லை. ஒரு திங்கள் கழித்து ஆள் விடுத்தார். வழக்கறிஞர் ஒருவரை உடன்கொண்டு தாமே காவல் நிலையஞ் சென்று, துப்பாக்கியையும் உரிமச் சீட்டுக்களின் படிகளையும் ஒப்புவித்து, பெற்றுக்கொண்டமைக்குச் சீட்டும் வாங்கிவந்திருந்தார். விலக்குக் கிடைக்குமா என்பது இன்னும் ஆராய்ச்சியில் உள்ளது. இவற்றை ஊரும் பேரும் மறைத்து எழுதுமாறு இசைவளித்தவரும் அவரே. இவ்வாண்டு ஆயுத பூசையில் அப்பெட்டியின்மேல் வைத்தது அக்கணக்கேட்டை என்றார். "களவு போன பணத்தைவிட அடிபட்ட ஆளுக்குக் குடுத்ததத்தாணுங்க எங்க பாட்டனாரு முன்னால எழுதியிருக்காரு" என்று அவர் கூறியபொழுது முன்னர் வாடிய முகம் தெளிந்திருந்தது.

அன்பர்களே! சின்னமலையின் பெருமைக்கு நம் வீட்டு இரும்பு சான்றாக வேண்டுவதில்லை. ஓடாநிலையும் சங்ககிரியும் போதும். பொய்ச்சான்று ஒன்று வெளிப்படின் மெய்ச்சான்று நூறும் ஐயத்துக்கு உள்ளாகும். நம் முன்னோருட் பலர் போர்க்களங் கண்டிலர். கரிசற் காட்டிலும் கமலைக் கிணற்றிலும் சந்தைப் பாதையிலும் உழைத்தனர். அவ்வுழைப்பின் வரலாறே நம் பெட்டிகளின் அடியில் அவிழாத கட்டாய்க் கிடக்கின்றது. அத்தகைய பொருளுடையோர் அதனைத் துலக்காது, சுடாது, மறைக்காது, முதலில் சட்டப்படி நெறிப்படுத்துக. பின்னர் முத்திரைகளின் நிழற்படத்தையும் காகிதங்களின் படிகளையும் நம் சங்கத்துக்கு விடுக்குமாறு வேண்டுகின்றோம். துப்பாக்கியை விடுக்க வேண்டா. அதனைக் காக்கும் இடம் சங்கமன்று. எழுத்தைக் காக்கும் இடமே சங்கம்.